‘சரி சேர்’ என்பதற்கு மூன்று பொருள்

கொழும்பு அலுவலகங்களில் ஒரு நாளில் மிகக் கூடுதலாக ஒலிக்கும் சொற்றொடர் எதுவென்று என்னைக் கேட்டால், ‘சரி சேர்’ என்றே சொல்வேன். கோட்டையில் உள்ள வங்கியின் மேல்மாடியிலும், புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவின் மொத்த வியாபாரக் கடையிலும், அரச திணைக்களத்தின் கோப்பு அலுமாரிகளுக்கு இடையிலும் அது ஏறக்குறைய ஒரே தொனியில் சொல்லப்படுகிறது. பொறுப்பில் இருப்பவர் பெண்ணாயின் ‘சரி மெடம்’. சொல்பவர் சிங்களவராயின் ‘ஹரி சேர்’. இந்தச் சிறிய சொல்லுக்குள் மூன்று வேறுபட்ட நிலைகள் ஒளிந்திருக்கின்றன. சொன்னது விளங்கிவிட்டது, செய்கிறேன் என்பது ஒன்று. விளங்கவில்லை, ஆனால் மறுபடி கேட்கத் தயக்கமாக இருக்கிறது என்பது இன்னொன்று. நீங்கள் சொல்வது பிழை என்று எனக்குத் தெரிகிறது, அதை உங்களிடம் சொல்லும் துணிவுதான் இல்லை என்பது மூன்றாவது.

மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பொறுப்பாளரின் காதில் விழுவது முதலாவது பொருள் மட்டுமே. மற்ற இரண்டும் நாட்கணக்கில், சில வேளைகளில் மாதக்கணக்கில் உள்ளே கிடந்து, பணமோ வாடிக்கையாளரோ நல்ல ஊழியரோ கைவிட்டுப் போகும் நாளில்தான் வெளியே வருகின்றன. தலைமைத்துவத்துக்குரிய தொடர்பாடல் என்று நான் கருதுவது, இந்த மூன்றையும் உரிய நேரத்தில் பிரித்தறிவதற்கான வழியை அமைத்துக்கொள்வதைத்தான். அந்த வழி பேச்சுத் திறனைவிட, பொறுப்பில் இருப்பவரின் நாளாந்தப் பழக்கங்களிலேயே பெரிதும் தங்கியிருக்கிறது என்பதை இங்கு விளக்க முற்படுகிறேன்.

எம்மிடையே தொடர்பாடல் என்றதும் மேடையே நினைவுக்கு வருகிறது. இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1942இல் தொடங்கப்பட்ட கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் வெள்ளவத்தை மண்டபத்தில் நடக்கும் உரைகளும், பாடசாலைகளின் தமிழ்த்தினப் போட்டிகளும், கோவில் திருவிழாக்காலச் சொற்பொழிவுகளும் தலைமுறை தலைமுறையாக நல்ல பேச்சாளர்களை உருவாக்கி வந்திருக்கின்றன. குரலை ஏற்றி இறக்கவும், மனனம் செய்தவற்றை இடமறிந்து எடுத்தாளவும், கூட்டத்தைக் கட்டிப்போடவும் அங்கே கற்றுக்கொண்டவர்களில் நானும் ஒருவன். அந்தப் பயிற்சியை எவரும் குறைத்து மதிப்பிடுவதை நான் விரும்பமாட்டேன். ஆயினும் மேலே இருப்பவர் பேச, கீழே இருப்பவர்கள் கேட்பது என்ற மேடையின் ஒழுங்கை அப்படியே அலுவலகத்துக்கும் கொண்டுசென்றுவிடுகிறோம். கீழிருந்து மேலே செல்ல வேண்டிய பேச்சுக்கு மேடையில் இடமில்லை; கைதட்டலுக்கு மட்டுமே இடமுண்டு.

பதவி உயர்வு கிடைத்ததும் பலர் நாடிச் செல்லும் செயலமர்வுகளும் இந்த எண்ணத்தையே வளர்க்கின்றன. ஹோட்டல் மண்டபங்களில் நடக்கும் இத்தகைய செயலமர்வுகளில் வளவாளர்கள் திரையில் காட்டும் கணக்கு ஒன்று உண்டு: ஒரு செய்தியின் தாக்கத்தில் சொற்களுக்கு 7 வீதம், குரலின் தொனிக்கு 38 வீதம், முகபாவத்துக்கும் உடல்மொழிக்கும் 55 வீதம். அமெரிக்க உளவியலாளர் அல்பேர்ட் மெஹ்ராபியன் 1967இல் வெளியிட்ட இரண்டு ஆய்வுகளிலிருந்து எடுக்கப்பட்ட கணக்கு இது. அந்த ஆய்வுகள் பார்த்தது மிகக் குறுகிய ஒரு விடயத்தை. தனிச் சொல்லொன்று சொல்லப்படும்போது, சொல்லின் பொருளும் தொனியும் முகமும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால், பேசுபவரின் விருப்பையோ வெறுப்பையோ கேட்பவர் எதைக்கொண்டு ஊகிக்கிறார் என்பதே அங்கு எழுப்பப்பட்ட கேள்வி. உணர்வுகளையும் மனப்பாங்கையும் பற்றிய பேச்சுக்கு அப்பால் இந்தக் கணக்கு பொருந்தாது என்று மெஹ்ராபியனே பின்னர் தெளிவுபடுத்தியிருக்கிறார். ஒரு கொள்கலனை எந்தத் திகதிக்குள் துறைமுகத்திலிருந்து எடுக்க வேண்டும் என்ற செய்தியில் சொற்களின் பங்கு 7 வீதமாக இருக்க முடியாது.

கொள்கலனைப் பற்றிப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன்னர், ஓர் இறக்குமதி நிறுவனத்தின் ஆவணப் பிரிவில் ஒன்பது பேருக்கு நான் பொறுப்பாக்கப்பட்டேன். அங்கே வாஃப் கிளார்க்காக, அதாவது துறைமுகத்திலிருந்து சரக்கை விடுவிக்கும் எழுதுவினைஞராக, பணியாற்றிய ஹற்றன் பக்கத்து இளைஞர் ஒருவர், கப்பல் ஆவணத்தில் உள்ள நிறையும் பொதிப் பட்டியலில் உள்ள நிறையும் ஒத்துப்போகவில்லை என்பதை ஒரு செவ்வாய்க்கிழமை கண்டுகொண்டார். எனக்கு அது தெரியவந்தது வெள்ளிக்கிழமை பிற்பகல். அதற்குள், கட்டணமின்றிக் கொள்கலனை வைத்திருக்கக்கூடிய நாட்கள் முடிந்து டெமரேஜ் எனப்படும் தாமதக் கட்டணம் ஏறத் தொடங்கியிருந்தது. ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டேன். “சேர் கூட்டத்தில இருந்தீங்க. அதோட, ஏசுவீங்கன்னு பயமா இருந்துச்சு” என்றார். முதற்காரணத்தை நான் பொருட்படுத்தவில்லை. இரண்டாவதை நினைத்துப் பார்த்தபோது, அதற்கு இரண்டு கிழமைகளுக்கு முன்னர் ஒரு சிறிய தட்டச்சுப் பிழைக்காக இன்னொருவரை எல்லோர் முன்னிலையிலும் நான் கடிந்துகொண்டது நினைவுக்கு வந்தது. அன்று ஏச்சு வாங்கியவர் ஒருவர். வாயை மூடிக்கொள்ளக் கற்றுக்கொண்டவர்கள் ஒன்பது பேர்.

இதே மௌனம் பல மடங்கு கொடிய விளைவைத் தந்த நிகழ்வொன்றை விமானத்துறை விரிவாக ஆவணப்படுத்தி வைத்திருக்கிறது. 1977 மார்ச் 27 அன்று, ஸ்பெயினுக்குரிய தெனரீஃப் தீவின் விமான நிலையத்தில், மூடுபனிக்குள் இரண்டு போயிங் 747 விமானங்கள் ஒரே ஓடுபாதையில் மோதிக்கொண்டதில் 583 பேர் உயிரிழந்தனர். புறப்பட முயன்ற கேஎல்எம் விமானத்தின் தலைமை விமானி அந்நிறுவனத்தின் மூத்தவர்களில் ஒருவர். மற்ற விமானிகளுக்குப் பயிற்சி அளிப்பவர். புறப்படுவதற்கான அனுமதி கிடைக்காத நிலையிலேயே அவர் விமானத்தை ஓடுபாதையில் செலுத்தத் தொடங்கினார். எதிரே இருந்த விமானம் ஓடுபாதையை விட்டு விலகவில்லையா என்று விமானப் பொறியியலாளர் கேட்டார். விலகிவிட்டது என்று தலைமை விமானி அழுத்தமாகப் பதிலளித்தார். அதன் பின்னர் விமானி அறையில் எவரும் அந்தக் கேள்வியை மீண்டும் எழுப்பவில்லை. மூடுபனி, ஒரே நேரத்தில் ஒலித்து ஒன்றையொன்று மறைத்துக்கொண்ட வானொலிச் செய்திகள், வழமைக்கு மாறான சொற்பிரயோகங்கள் என்று அந்த விபத்துக்குக் காரணங்கள் பல இருந்தன. ஆனால் என் மனதில் தங்கிவிட்டது அந்தக் கேள்வியும் பதிலும்தான். ஐயம் கொண்டவர் வாயைத் திறந்து கேட்கத்தான் செய்தார். பதில் வந்த விதம் அடுத்த கேள்விக்கு இடம் வைக்கவில்லை.

இந்த விபத்தும் இதுபோன்ற வேறு சிலவும் ஆராயப்பட்டு, 1979இல் அமெரிக்காவின் நாசா நிறுவனம் கூட்டிய செயலமர்வைத் தொடர்ந்து, விமானி அறைக்குரிய கூட்டுப்பணிப் பயிற்சி உருவாகியது. இளையவர் தமது ஐயத்தை எப்படி எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது அதில் பாதி. மூத்தவர் அதை எப்படி வரவேற்க வேண்டும் என்பது மறுபாதி. கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து அறிவுறுத்தலைப் பெற்றவர் ‘ஓகே’ என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது. தாம் கேட்டதைத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்த வேண்டும். எங்கள் ‘சரி சேர்’ என்ற சொல்லை விமானத்துறை அரை நூற்றாண்டாக ஏற்பதில்லை என்று இதை நான் விளங்கிக்கொள்கிறேன்.

மருத்துவமனைகளிலிருந்தும் இதற்கு ஒரு சான்று உண்டு. நல்ல தலைமையும் நல்லுறவும் உள்ள தாதியர் குழுக்களில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகள் குறைவாகவே இருக்கும் என்ற எதிர்பார்ப்புடன் அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மண்ட்ஸன் தரவுகளைத் திரட்டினார். கிடைத்த முடிவு நேர்மாறாக இருந்தது: நல்ல குழுக்களிலேயே கூடுதலான பிழைகள் பதிவாகியிருந்தன. அங்கு கூடுதலாக நடந்தது பிழையில்லை, பிழையை வெளிப்படையாகச் சொல்வதுதான் என்ற விளக்கத்துக்கு அவர் வந்து, 1996இல் அதை வெளியிட்டார். 1999இல் ஓர் உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களை ஆராய்ந்தபோது, கேள்வி கேட்டாலோ பிழையை ஒப்புக்கொண்டாலோ தமக்கு அவமானம் நேராது என்ற நம்பிக்கை உள்ள குழுக்கள் கூடுதலாகக் கற்றுக்கொள்கின்றன என்றும், அதனால் அவற்றின் செயற்றிறன் உயர்கிறது என்றும் கண்டார். எங்கள் அலுவலகங்களில் இதைத் தலைகீழாகவே வாசிக்கிறோம். ‘என் பிரிவில் ஒரு பிரச்சினையும் இல்லை’ என்று மாதாந்தக் கூட்டத்தில் அறிவிக்கும் முகாமையாளர் பாராட்டுப் பெறுகிறார். அந்த வாக்கியத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பிரிவில் உள்ளவர்களை நினைத்துக் கவலை உண்டாகிறது.

கொழும்பில் இந்தச் சிக்கலுக்கு மொழி என்ற இன்னோர் அடுக்கும் உண்டு. அரசியலமைப்பின்படி சிங்களமும் தமிழும் ஆட்சிமொழிகள், ஆங்கிலம் இணைப்பு மொழி. 2007 ஜூலை 1ஆம் திகதிக்குப் பின்னர் அரச சேவையில் சேர்ந்தவர்கள் குறிப்பிட்ட காலத்துக்குள் மற்றைய ஆட்சிமொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்ற சுற்றறிக்கையும் இருக்கிறது. தனியார் துறையின் நடைமுறை வேறு. கூட்டம் ஆங்கிலத்தில் நடக்கும். அது முடிந்ததும் நடைபாதையில் சிங்களத்தில் அதை அலசுவார்கள். தமிழ் ஊழியர்கள் மதியச் சாப்பாட்டு மேசையில் தமக்குள் தமிழில் பேசிக்கொள்வார்கள். உண்மையான கருத்து எங்கே சொல்லப்படுகிறது என்று தேடிப் பார்த்தால், அது எப்போதும் பொறுப்பாளர் இல்லாத இடத்திலும் அவருக்கு எட்டாத மொழியிலும் இருக்கும்.

துறைமுகத்தையும் சுங்கத்தையும் 20 ஆண்டுகளாக அறிந்த ஒருவர், ஆங்கில வாக்கியத்தை மனதுக்குள் அமைத்து முடிப்பதற்குள் கூட்டம் அடுத்த விடயத்துக்குப் போய்விடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆங்கிலம் சரளமாக வரும் புதியவரின் கருத்து குறிப்பேட்டில் ஏறிவிடுகிறது. அனுபவசாலியின் பெயருக்கு எதிரே ஒன்றும் இல்லை. ஆண்டு மதிப்பீட்டில் அவர் ‘முன்முயற்சி குறைந்தவர்’ ஆகிறார். அவருக்கு இழைக்கப்படும் அநீதி ஒருபுறமிருக்க, நிறுவனம் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் அறிவு பயன்படாமல் போகிறது. இதைத் தீர்ப்பதற்குப் பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. “இதைத் தமிழிலோ சிங்களத்திலோ சொல்லுங்கள், நான் கேட்கிறேன்” என்று கூட்டத்தின் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டு, அப்படிச் சொல்லப்பட்டதை அதே கூட்டத்தில் மற்றவர்களுக்கு எடுத்துரைக்க ஒருவரை வைத்துக்கொண்டால் போதும். முதல் இரண்டு கூட்டங்களில் எவரும் அதைப் பயன்படுத்தமாட்டார்கள். மூன்றாவதில் ஒருவர் தொடங்குவார்.

விளக்கிச் சொன்னேன், அவர்களுக்குத்தான் ஏறவில்லை என்ற முறைப்பாடும் கொழும்பில் சாதாரணம். 1990இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வு மாணவி நடத்திய எளிய பரிசோதனை ஒன்று இதற்கு நல்ல விளக்கம். நன்கறிந்த பாடலொன்றின் தாளத்தை மேசையில் ஒருவர் விரலால் தட்ட, எதிரே இருப்பவர் பாடலைக் கண்டுபிடிக்க வேண்டும். தட்டியவர்கள், பாதிப் பேராவது கண்டுபிடிப்பார்கள் என்று நம்பினார்கள். தட்டப்பட்ட 120 பாடல்களில் கண்டுபிடிக்கப்பட்டவை மூன்றே. தட்டுபவரின் மனதுக்குள் பாடல் முழுமையாக ஒலிக்கிறது. எதிரே இருப்பவருக்குக் கேட்பது வெறும் ‘டக் டக்’. பொறுப்பில் உள்ளவர் கொடுக்கும் அறிவுறுத்தல்களில் பெரும்பாலானவை இத்தகைய தட்டல்களே. காரணமும் பின்னணியும் அவர் மனதில் இருக்கின்றன. வெளியே வருவது “அந்த வேலையைக் கொஞ்சம் சுணங்காமல் முடித்துவிடுங்கோ” என்ற ஒரு வரி.

ஆகவே “விளங்கினதா?” என்று கேட்பதை நான் கைவிட்டுவிட்டேன். அந்தக் கேள்விக்கு ‘சரி சேர்’ என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது. இல்லையென்று சொல்பவர் தன்னைத்தானே மந்தமானவர் என்று அறிவித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதற்குப் பதிலாக, “நான் சரியாகச் சொன்னேனோ தெரியாது, நீங்கள் இதை எங்கிருந்து தொடங்கப் போகிறீர்கள்?” என்று கேட்கிறேன். பழுது இருந்தால் அது என் சொல்லில் இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டதும், கேட்பவருக்கு வாய் திறப்பது எளிதாகிறது. அவர் திருப்பிச் சொல்லும்போது, நான் சொல்லாமல் விட்டவை எவை என்பது எனக்கே தெரியவருகிறது.

விளிக்கும் முறையும் இதைப் போலவே கவனத்துக்குரியது. அந்த வாஃப் கிளார்க் இளைஞரை நான் ‘நீர்’ என்றே அழைத்து வந்தேன். யாழ்ப்பாண வழக்கில் வளர்ந்த எனக்கு அது, வயதில் இளையவராயினும் மதிப்புக்குரிய ஒருவரை நெருக்கத்தோடு விளிக்கும் சொல். அவர் வளர்ந்த மலையகத்தின் அன்றாடப் பேச்சில் அந்தச் சொல்லுக்கு அத்தகைய இடமில்லை. அவருடைய காதில் அது அதிகாரமாகவே ஒலித்திருக்கிறது. யாழ்ப்பாணத்தார், மட்டக்களப்பார், மலையகத்தார், கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவர்கள், முஸ்லிம்கள் என்று பல வழக்குகளில் தமிழ் பேசுவோர் ஒரே அறையில் இருக்கும் நகரம் இது. ஒரே மொழி பேசுகிறோம் என்ற எண்ணத்தினாலேயே, சிங்களவரோடு பேசும்போது காட்டும் கவனத்தைக்கூட எமக்குள் காட்டத் தவறுகிறோம். இப்போது எல்லோரையும் ‘நீங்கள்’ என்றே விளிக்கிறேன். நெருக்கத்தைக் காட்ட வேறு வழிகள் இருக்கின்றன.

பேசுவதற்கு முன் கேட்பது என்பதை இந்த மண்ணில் செய்து காட்டியவர்களுள் முதலில் என் நினைவுக்கு வருபவர் கோ. நடேசய்யர். தஞ்சாவூரிலிருந்து கொழும்புக்கு வந்து பத்திரிகையாளராக இயங்கிய அவர், தோட்டங்களுக்குள் வெளியார் கால்வைப்பதே தடுக்கப்பட்டிருந்த காலத்தில், புடவை வியாபாரியாகத் தோட்டங்களுக்குள் சென்று தொழிலாளரின் வாழ்வை நேரில் கண்டறிந்தார். பிரசுரங்களும் பத்திரிகை எழுத்தும் 1931இல் அமைத்த தோட்டத் தொழிலாளர் சம்மேளனமும் அந்த அறிதலின் மேல் எழுந்தவை. அவருடைய மனைவி மீனாட்சியம்மாள், கேட்போர் அறிந்த மெட்டுகளிலேயே பாடல்களை அமைத்துப் பாடிச் செய்தியைக் கொண்டுசென்றார். கற்றவர் மொழியில் எழுதிய அறிக்கை செய்யாததை அந்த மெட்டு செய்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். எஸ். ஜே. வி. செல்வநாயகம் இன்னொரு வகை. 1949 டிசம்பர் 18 அன்று மருதானையில் தொடங்கப்பட்ட இலங்கைத் தமிழரசுக் கட்சியின் தலைவரான அவர் முழங்கிப் பேசுபவர் அல்லர். மெல்லிய குரல், குறைந்த செவிப்புலன், பிற்காலத்தில் நடுக்குவாதம். அவருடைய அரசியலை ஏற்பவர் உண்டு, மறுப்பவர் உண்டு. ஆனால் மேடைக் குரல் இல்லாத ஒருவர் பின்னால் பெருந்திரளான மக்கள் நின்றார்கள் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

இனிப் பழக்கம் என்ற விடயத்துக்கு வருகிறேன். கேட்க வேண்டும், காத்திருக்க வேண்டும், பின்னால் பேச வேண்டும் என்பவை எல்லோருக்கும் தெரிந்தவையே. பிற்பகல் மூன்று மணிக்கு, இரண்டு தொலைபேசிகள் ஒலிக்கும்போது, அவை நினைவில் நிற்பதில்லை. அந்த நேரத்தில் அறிவுரை உதவாது, ஊறிப்போன பழக்கம் மட்டுமே உதவும். 21 நாட்களில் ஒரு பழக்கம் ஊறிவிடும் என்ற பேச்சை நம்பிப் பலர் தொடங்கி, நான்காம் கிழமையில் மனம்விட்டுப் போகிறார்கள். லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் பிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரை 12 கிழமைகள் அவதானித்த ஆய்வில், ஒரு செயல் தன்னியல்பாக மாறுவதற்கான இடைநிலைக் காலம், அதாவது பாதிப் பேருக்கு அதற்குக் குறைவாகவும் மீதிப் பேருக்கு அதற்குக் கூடுதலாகவும் பிடித்த காலம், 66 நாட்கள். மிக விரைந்தவருக்கு 18 நாட்கள். மிக மெதுவானவருக்கு 254 நாட்கள் ஆகும் என்று கணிக்கப்பட்டது. இடையில் ஒரு நாள் தவறிப்போவது பெரிய பாதிப்பை உண்டாக்கவில்லை என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது. தவறிய மறுநாள் குற்றவுணர்வோடு முழுவதையும் கைவிடுபவர்களுக்கு இந்தத் தகவல் பெரிய ஆறுதல்.

தொடங்குவதற்கு உதவும் இன்னொரு கண்டுபிடிப்பு ஜேர்மன் உளவியலாளர் பீற்றர் கொல்விற்சருடையது. ‘நான் நன்றாகக் கேட்பவனாக மாறுவேன்’ என்ற தீர்மானத்தைவிட, ‘இன்ன நேரத்தில், இன்னது நடந்தால், இன்னதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைத்த தீர்மானமே கூடுதலாக நிறைவேறுகிறது என்பதை அவர் நிறுவினார். பாஸ்கல் ஷீரனுடன் இணைந்து 2006இல் வெளியிட்ட தொகுப்பில் 94 சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோதும் அந்த விளைவு தெளிவாக நின்றது. இதைப் பின்பற்றி நான் இட்டுக்கொண்ட முதல் முடிச்சு, ‘யாராவது என் மேசைக்கு வந்து, ஒரு பிழை நடந்துவிட்டது என்று சொன்னால், பேனாவை மூடி வைத்துவிட்டு, சொன்னதற்கு நன்றி என்று முதலில் சொல்வேன்’ என்பது. பேனாவை மூடுவது அற்பமாகத் தோன்றலாம். கை அந்த வேலையைச் செய்யும் இரண்டு விநாடிக்குள், வாயிலிருந்து வரவிருந்த முதற்சொல் தணிந்துவிடுகிறது. அந்த முதற்சொல்தான் அடுத்த மூன்று மாதங்களுக்கு எனக்கு என்னென்ன செய்திகள் வந்துசேரும் என்பதைத் தீர்மானிக்கிறது.

இரண்டாவது முடிச்சு கேள்விக்குப் பின்னான மௌனம் பற்றியது. கல்வியியலாளர் மேரி பட் ரோ, 1970களில் அமெரிக்க வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து, கேள்வி கேட்ட ஆசிரியர் விடைக்காகக் காத்திருப்பது சராசரியாக ஒரு விநாடி அளவே என்று கண்டார். மூன்று விநாடிகள் காத்திருக்க ஆசிரியர்கள் பழகியபோது, மாணவரின் விடைகள் நீண்டன. விடையே வராத தருணங்கள் குறைந்தன. அதுவரை பேசாதிருந்த பிள்ளைகள் பேசத் தொடங்கினர். அலுவலகத்திலும் இதுவே நடக்கிறது. “வேறு ஏதும் இருக்கா?” என்று கேட்டுக்கொண்டே கோப்பை மூடும் தலைவருக்கு எவரும் பதில் சொல்லப் போவதில்லை. கேட்டுவிட்டு மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிப் பாருங்கள். அந்த மூன்று விநாடி முதலில் மிக நீளமாக, ஏறக்குறைய அநாகரிகமாகத் தோன்றும். இரண்டாவது பொருளிலும் மூன்றாவது பொருளிலும் சொல்லப்பட்ட ‘சரி சேர்’கள் அந்த இடைவெளியில்தான் வாய் திறக்கின்றன. என் சொந்தக் கருத்தைக் கடைசியாகச் சொல்வதும் இதனோடு சேர்ந்ததே. பொறுப்பாளர் தம் விருப்பத்தை முதலிலேயே சொல்லிவிட்டால், பின்னர் பேசுபவர்கள் அதைத் தழுவியே பேசுவார்கள். இரவு பத்து மணிக்கு வாட்சப் குழுவில் அறிவுறுத்தல் போடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதை நிறுத்திவிட வேண்டும்.

பிழையைச் சுட்டிக்காட்டும் விதத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் கூடுதலாகத் தவறியது அங்கேதான். அவ்ரஹாம் குளூகரும் அஞ்சலோ டினீசியும் 1996இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், பின்னூட்டத்தின் விளைவை அளந்த 607 கணிப்புகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். சராசரியாகப் பின்னூட்டம் செயற்றிறனை உயர்த்தியது உண்மை. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவற்றில் அது செயற்றிறனைக் குறைத்துவிட்டது. கேட்பவரின் கவனம் வேலையிலிருந்து விலகித் தன் மதிப்பை நோக்கித் திரும்பும்போது இந்தப் பாதிப்பு நேர்கிறது என்பது அவர்களுடைய விளக்கம். எங்கள் பேச்சுவழக்கில் இதற்கு உதாரணம் தேடத் தேவையில்லை. “எப்ப பார்த்தாலும் உங்களுக்கு இதே வேலைதான்” என்ற வாக்கியம் ஆளைப் பற்றியது. அதைக் கேட்டவர் அன்று முழுவதும் தன்னை நியாயப்படுத்தும் வாக்கியங்களையே மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருப்பார். “இந்தப் பட்டியலில் நிறை 200 கிலோ கூடியிருக்கு, எந்த ஆவணத்தைப் பார்த்து எடுத்தீங்கள்?” என்ற வாக்கியம் வேலையைப் பற்றியது, அதற்குப் பதில் ஓர் ஆவணத்தில் இருக்கிறது. இன்னொன்று, புகழ்ச்சிக்கும் இது பொருந்தும். ‘நீங்கள் கெட்டிக்காரர்’ என்பதைக் கேட்டவருக்கு அடுத்த முறை எதைச் செய்ய வேண்டும் என்று தெரியாது.

மேடைப் பேச்சைப் பயிலவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1924இல் அமெரிக்காவின் சாண்டா அனா நகரில் றால்ஃப் ஸ்மெட்லி தொடங்கி, இன்று கொழும்பிலும் பரவலாக இயங்கும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் கழகங்களில் ஆயத்தப்படுத்திய உரைக்கு வழமையாக 5 முதல் 7 நிமிடம். பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகள் நேரத்தைக் காட்டும். உரை முடிந்ததும் வேறொருவர் இரண்டு மூன்று நிமிடத்தில் அதை மதிப்பிடுவார். அங்கு பயிலும் பேச்சைவிட, பிறர் மதிப்பீட்டைப் பேசாமல் இருந்து கேட்கும் அந்த மூன்று நிமிடமே ஒரு தலைவருக்குப் பெரிய பயிற்சி என்பது என் எண்ணம். விழாத் தலைவர் முதல் வாசலில் நிற்பவர் வரை விளித்து முடிப்பதற்கே பத்து நிமிடம் எடுக்கும் எங்கள் கூட்டங்களுக்கு அந்த விளக்குகளும் தேவை.

இந்தப் பழக்கங்கள் பலன் தருகின்றனவா என்று அறிய நான் வைத்திருப்பது ஒரு சாதாரண அப்பியாசக் கொப்பி. பக்கத்துக்கு மூன்று நிரல்: என்ன நடந்தது, நடந்த திகதி, எனக்குத் தெரியவந்த திகதி. கடைசி இரண்டு நிரல்களுக்கும் இடையிலான வித்தியாசத்தை மட்டுமே பார்க்கிறேன். தொடங்கிய மாதத்தில் அது பெரும்பாலும் மூன்று, நான்கு நாட்களாக இருந்தது. ஆறேழு மாதங்களின் பின்னர் பல வரிகளில் இரண்டு திகதிகளும் ஒன்றாகின. கொப்பியில் வரிகளின் எண்ணிக்கையும் கூடியது. எட்மண்ட்ஸனின் தாதியர் குழுக்களைப் பற்றி அறிந்திராவிட்டால், என் பிரிவு சீரழிகிறது என்று அஞ்சியிருப்பேன்.

பேலியகொடையில் உள்ள களஞ்சியத்திலிருந்து வரும் செய்திகளுக்கு மட்டும் இன்னமும் இரண்டு நாள் பிடிக்கிறது. அங்கு பொறுப்பாக இருப்பவர் என்னைவிட வயதில் மூத்த சிங்களவர். பத்து வருடங்களுக்கு மேலாகக் கொழும்பில் இருந்தும் என் சிங்களம் அவரோடு இயல்பாக உரையாடும் அளவுக்கு வளரவில்லை, அந்தக் குறை என்னுடையது. இப்போது செவ்வாய்க்கிழமை காலைகளில் கூட்டம் எதையும் வைத்துக்கொள்வதில்லை. பேலியகொடைக்குப் போய், அவரோடு ஒரு பிளேன்டீ குடித்து, எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேள்வியைக் கேட்டுவிட்டு, மூன்று வரை எண்ணுகிறேன்.